மோட்டார்ச் சைக்கிளின் தீப்பொறி: பழுதறியும் முறை

நெருப்பைத் தன் வயிற்றகத்தே வைத்துக்கொண்டு ஓடும் வாகனம் மோட்டார்ச் சைக்கிள். அந்நெருப்பு, ஒருமுறை மூட்டப்பெற்று அணையாது எரியும் அடுப்பு நெருப்பன்று. கணந்தோறும் பிறந்து கணந்தோறும் அவியும் நெருப்பு. நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும் நான்கடிப்பு எஞ்சினிலே, ஓர் உருளையினுள் ஒரு செக்கனுக்கு 25 முறை தீ மூட்டப்படல் வேண்டும். அத்தீயை மூட்டுவது ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த இடைவெளியிலே பாயும் ஒரு சிறு மின்பொறி. அப்பொறி தவறுமாயின், எத்துணை விலையுயர்ந்த வண்டியாயினும் அது தள்ளிச் செல்லும் பாரமேயாகும்.

வாழைச்சேனையைக் கடந்து திருகோணமலை நோக்கிச் செல்லும் பெருந்தெருவிலே, காயாங்கேணிக்கும் பனிச்சங்கேணிக்கும் இடையே அமைந்தது மாங்கேணி. கடலும் களப்பும் அணித்தாயுள்ள இவ்வூர்ப் பக்கத்திலே மோட்டார்ச் சைக்கிள் ஆடம்பரப் பொருளன்று. விடியற்காலையிற் கரைக்கு வந்த மீனைப் பெட்டியிலிட்டுச் சந்தைக்குக் கொண்டுசெல்வது அதுவே. பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச்செல்வதும் அதுவே. நள்ளிரவிற் காய்ச்சல் கண்ட குழந்தையை வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைக்கு எடுத்துச்செல்வதும் பல வேளைகளில் அதுவே. மீன், மெக்கானிக் வரும்வரை காத்திராது, காய்ச்சலும் காத்திராது. ஆதலின் வண்டியின் பொறி எங்கே தவறிற்றென்று விரைந்து அறிதல், இப்பகுதியில் வாழ்வாருக்கு வெறும் பொழுதுபோக்குக் கலையன்று.

பொருட்செலவும் ஈண்டுக் கருதத்தக்கது. வண்டி ஓடாதவிடத்துப் பலரும் செய்வது யாது? ஒருவர் புதிய பிளக் வாங்கச் சொல்வார், மற்றொருவர் கொயில் போய்விட்டதென்பார், மூன்றாமவர் சி.டி.ஐ. பெட்டியை மாற்றச் சொல்வார். மூன்றும் வாங்கிப் பூட்டிய பின்னரும் வண்டி நின்ற இடத்தே நிற்பதுண்டு. குற்றமோ உப்பேறிய ஒரு வயரில் இருந்திருக்கும். திருவள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த நெறி, நோயை அறிந்து அதன் காரணத்தையும் அறிந்த பின்னரே மருந்தை நாடுக என்பது. இயந்திரத்துக்கும் அந்நெறியே பொருந்தும். பழுதறிதல் ஊகமன்று, ஒழுங்கான விசாரணை. இதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயர்களைப் பற்றி முன்னதாக ஒரு சொல். வகுப்பறையில் நாம் பொறிச்செருகி என்று கற்றதைக் கராஜ் பிளக் என்று வழங்கும். தூண்டற் சுருளைக் கொயில் என்றும், ஒடுக்கியைக் கொண்டென்சர் என்றும், பல்மானியை மீற்றர் என்றும் வழங்கும். சொல் இரண்டாயினும் பொருள் ஒன்றே. மாணவர் கராஜின் சொல்லையும், கராஜில் உள்ளார் நூலின் கருத்தையும் அறிந்துகொள்வராயின் இருசாராருக்கும் பயனுண்டு.

பொறி பிறக்குமாறு

எஞ்சின் இயங்குதற்கு வேண்டியன மூன்று: தக்க அளவிற் கலந்த பெற்றோலும் காற்றும், அக்கலவையை ஆடுதண்டு நன்கு அமுக்குதல், அமுக்கம் உச்சத்தை அணுகும் வேளையிற் பாயும் பொறி. இவற்றுள் ஒன்று குறையினும் எஞ்சின் இயங்காது. பொறி பிறந்தால் மட்டும் போதாது. உரிய வேளையிலே பிறத்தலும் வேண்டும் என்பதை மறத்தலாகாது.

மோட்டார்ச் சைக்கிளின் முன்னோடியாக மதிக்கப்படும் வண்டியை டைம்லரும் மேபாக்கும் ஜேர்மனியிலே 1885ஆம் ஆண்டில் அமைத்தபோது, அதிற் பொறியே இருக்கவில்லை. செஞ்சூடாகக் காய்ச்சிய ஒரு குழாயே கலவையைப் பற்றவைத்தது. அம்முறையில் தீப்பற்றும் வேளையைச் செவ்வையாக வரையறுத்தல் இயலாதாயிற்று. மைக்கேல் பரடே 1831இற் கண்ட மின்காந்தத் தூண்டலே பின்னர் வழிகாட்டிற்று. சுழலும் காந்தத்தினால் மின்னை ஆக்கும் மக்னீற்றோவை ரொபேட் பொஷ் நிறுவனத்தார் திருத்தினர். அந்நிறுவனத்தைச் சேர்ந்த ஹொனோல்ட் 1902ஆம் ஆண்டளவில் உயரழுத்த மக்னீற்றோவையும் அதற்கேற்ற பிளக்கையும் அளித்தார். நாம் இன்று கிக்கரை மிதிக்கும்போது விழித்தெழுவது இந்த மரபின் வழிவந்த கருவியே.

வளிமண்டல அமுக்கத்திலுள்ள காற்றிலே ஒரு மில்லிமீற்றர் இடைவெளியைப் பொறி தாண்டுதற்கு ஏறத்தாழ 3,000 வோல்ற்று வேண்டும். காற்று அமுக்கப்படின் அத்தேவை மேலும் உயரும். இவ்விதியைப் பாஷன் என்பார் 1889இல் ஆராய்ந்து கூறினார். ஆதலின் உருளையினுள்ளே பொறி பாய்வதற்குப் பதினாயிரம் வோல்ற்றும் அதற்கு மேலும் வேண்டியதாகலாம். பற்றரி தருவதோ 12 வோல்ற்று. இவ்விரண்டுக்கும் இடையே பாலமிடுவது கொயில். அதனுள்ளே ஓர் இரும்பு அகணியைச் சுற்றி இரு சுருள்கள் உள்ளன: சில நூறு சுற்றுக்கள் கொண்ட முதற்சுருள், பல்லாயிரம் சுற்றுக்கள் கொண்ட துணைச்சுருள். முதற்சுருளிலே மின்னோட்டம் சடுதியாக மாறும்போது காந்தப்புலமும் சடுதியாக மாறி, துணைச்சுருளிலே உயர்ந்த அழுத்தத்தைத் தூண்டுகின்றது. "சடுதியாக" என்னுஞ் சொல்லே ஈண்டு உயிர்நாடி. மெல்ல மாறும் மின்னோட்டம் பொறியைத் தராது.

அச்சடுதி மாற்றத்தை உண்டாக்கும் விதத்தால் வண்டிகள் வகைப்படும். 1970களில் வந்த பழைய வண்டிகள் பலவற்றிலே, பொயின்ற் எனப்படும் இரு சிறு தொடுமுனைகள் திறந்து மின்னை அறுக்கும். அங்கே தீப்பொறி பறந்து முனைகள் கருகாவண்ணம் ஒரு கொண்டென்சர் காக்கும். அடுத்தது சி.டி.ஐ. முறை. கவசாக்கி நிறுவனம் 1969இல் வெளியிட்ட மூன்றுருளை வண்டியில் இடம்பெற்றுப் பின்னர்ப் பெரிதும் பரவிய இம்முறையில் தொடுமுனைகள் இல்லை. ஓர் ஒடுக்கியிலே சில நூறு வோல்ற்று மின் சேமிக்கப்பட்டு, சில்லிலிருந்து வரும் குறிப்பைப் பெற்ற கணத்திலே கொயிலினுள் பாய்ச்சப்படும். அவ்வொடுக்கியை மக்னீற்றோ நிரப்பும் வண்டியில், பற்றரி முற்றாகச் செத்தாலும் கிக்கரால் எஞ்சின் இயங்கும். பற்றரி நிரப்பும் வண்டியில், பற்றரி தளர்ந்தால் பொறியும் தளரும். தம் வண்டி எவ்வகையதென்று அறியாது பழுது தேடப் புகுதல், ஊரின் பெயரறியாது வழி கேட்பதை ஒக்கும்.

விசாரணையின் ஒழுங்கு

முதலாவது, கையிற் கருவி எடுக்குமுன் கண்ணால் நோக்குக. தாங்கியிற் பெற்றோல் உண்டா? குழாயின் திறப்புத் திறந்துளதா? கைப்பிடியில் உள்ள நிறுத்தற் சுவிற்ச் ஓடும் நிலையில் உளதா? பியூஸ் அறுந்துளதா? பக்கத் தாங்குகால் விழுந்திருக்கும்போது எஞ்சினை இயங்கவிடாத சுவிற்சுள்ள வண்டியாயின், அக்கால் மேலெழுந்துளதா? சிறுவர் விளையாட்டாய் அழுத்திவிட்ட சுவிற்சுக்காகக் காபுறேற்றரையே கழற்றியோர் உண்டு.

இரண்டாவது, குற்றம் பெற்றோலின் பக்கத்ததா, பொறியின் பக்கத்ததா என்று பிரித்தறிக. இதற்குச் சான்று கூறுவது பிளக்கே. ஏழெட்டு முறை கிக்கரை மிதித்தபின் பிளக்கைக் கழற்றி அதன் நுனியைப் பார்க்க. நுனி பெற்றோலால் நனைந்திருப்பின், எரிபொருள் வருகின்றது, ஆனாற் பற்றவில்லை என்பது பெரும்பாலும் துணிபு, பொறியை ஆராய்க. நுனி உலர்ந்திருப்பின், எரிபொருள் வரும் வழியை முதலில் ஆராய்க. மீன்பிடி ஊர்களிலே மற்றொன்றையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். வள்ளத்து எஞ்சினுக்கு வைத்த மண்ணெண்ணெய்க் கலனிலே பெற்றோலை வாங்கிவந்தால், எஞ்சிய மண்ணெண்ணெய் அதனோடு கலந்து, குளிர்ந்த எஞ்சின் பற்றுதலை அரிதாக்கும். அது பொறியின் குற்றம்போலவே தோன்றும்.

மூன்றாவது, பொறியைக் கண்ணாற் காண்க. கழற்றிய பிளக்கை அதன் தொப்பியிலே மாட்டி, அதன் உலோக உடல் எஞ்சினின் வெற்றுலோகத்தைத் தொடுமாறு வைத்து, நிழலிலே நின்று கிக்கரை மிதிக்க. நீலமும் வெண்மையும் கலந்து "டிக்" என்ற ஓசையோடு பாய்வது நல்ல பொறி. மெலிந்து செம்மஞ்சளாய்த் தோன்றுவது நலிந்த பொறி. ஈண்டு மூன்று எச்சரிக்கைகள் உள. பிளக்கை அதன் துளைக்கு அப்பால் வைத்து, துளையைத் துணியால் மூடுக. துளையினின்று வெளிப்படும் பெற்றோல் ஆவி தீப்பற்றக்கூடும். பிளக்கைக் கையாற் பிடியாதொழிக, அதிர்ச்சி கடுமையானது. பிளக்கின் உடல் உலோகத்தைத் தொடாநிலையில் மிதியாதொழிக. பாய வழியின்றித் தேங்கும் உயரழுத்தம் கொயிலின் காப்பைத் துளைத்துவிடலாம்.

வெளிக்காற்றிற் பொறி தந்த பிளக், அமுக்கப்பட்ட கலவையினுள்ளே தவறுவதும் உண்டு. இதன் காரணம் மேலே கூறிய பாஷன் விதியேயாம். ஆகவே ஐயம் எழின், நன்கு இயங்குமென்று அறிந்த வேறொரு பிளக்கை மாட்டிப் பார்த்தலே தெளிவு. பிளக்கின் நுனியைப் படித்தலும் ஒரு கலை. இளங்கபில நிறம் நலத்தைக் காட்டும். உலர்ந்த கரி, கலவையில் பெற்றோல் மிகுதியையோ பொறியின் தளர்ச்சியையோ காட்டும். எண்ணெய்ப் பசை, உருளையினுள் எண்ணெய் ஏறுவதைக் காட்டும். வெளிறிய வெண்மை, மிகு சூட்டைக் காட்டும். முனைகளின் இடைவெளி பல சிறு வண்டிகளில் 0.6 முதல் 0.8 மில்லிமீற்றர் வரை இருக்கும். மாற்றும்போது அதே இலக்கமுள்ள பிளக்கையே வாங்குக. அவ்விலக்கம் சூட்டைத் தாங்கும் தரத்தையும் குறிப்பது, என்.ஜி.கே. பிளக்குகளில் எண் உயர உயர அது குளிர்ந்த வகையாகும். பொஷ் பிளக்குகளில் இது மறுதலை.

நான்காவது, பொறியே இல்லையெனின் பிளக்கிலிருந்து பின்னோக்கிச் செல்க. பிளக்கை அடுத்தது தொப்பி. பல தொப்பிகளினுள் ஏறத்தாழ 5 கிலோ ஓம் தடை ஒன்று உண்டு. அது பழுதுற்றால் வழி அடைபடும். தொப்பியைத் திருகிக் கழற்றி, உள்ளே பச்சை படிந்திருப்பின், கம்பியின் நுனியிற் சிறிதளவு வெட்டி, புதிய செம்பு தோன்றத் திரும்பவும் திருகுக. கம்பியின் வெறும் நுனியை, காப்பிட்ட குறட்டாற் பிடித்து, எஞ்சின் உலோகத்துக்கு ஐந்தாறு மில்லிமீற்றர் அப்பால் வைத்து மிதிக்கும்போது பொறி பாயின், குற்றம் தொப்பியிலோ பிளக்கிலோ உள்ளது. பாயாவிடின், அதற்கும் பின்னால் உள்ளது. ஒவ்வொரு சோதனையும் ஐயத்தின் எல்லையை இவ்வாறு சுருக்குதல் வேண்டும். எதையும் சுருக்காத சோதனை வீண் உழைப்பாம்.

ஐந்தாவது, நிறுத்தற் சுவிற்சின் வழி. மக்னீற்றோவால் இயங்கும் சி.டி.ஐ. வண்டிகள் பலவற்றிலே, அச்சுவிற்ச் ஒரு வயரை வண்டியின் உடலோடு தொடுத்துப் பொறியை அவிக்கின்றது. ஆகவே அவ்வயர் எங்கேனும் உரசிக் காப்பிழந்து உடலைத் தொட்டாலும் பொறி அவியும். சோதனைக்காக அவ்வயரின் இணைப்பை மட்டும் கழற்றி மிதித்துப் பார்த்தால் உண்மை வெளிப்படும். பற்றரியால் இயங்கும் வண்டிகள் பலவற்றில் அச்சுவிற்ச் மின் வருகையையே அறுப்பதாகலின், அங்கே இணைப்பைக் கழற்றுதல் பயன்தராது. பெட்டிக்கு 12 வோல்ற்று வருகின்றதா என்று மீற்றரால் அளத்தலே முறை.

ஆறாவது, கொயிலும் சில்லின் அருகுள்ள சிறு சுருள்களும். இவற்றின் தடையை மீற்றரால் அளந்து, அவ்வண்டிக்குரிய கைந்நூலிற் கூறிய அளவோடு ஒப்பிடுக. பொயின்ற் வண்டியின் கொயிலில் முதற்சுருள் சில ஓம் தடையுடையது, சி.டி.ஐ. வண்டியின் கொயிலில் அது ஓர் ஓமிலும் குறைவாக இருத்தல் கூடும். துணைச்சுருள் பல ஆயிரம் ஓம் தடையுடையது. குளிர்ந்தபோது நன்கு ஓடி, சிறிது தூரம் சென்று சூடேறியதும் நின்று, ஆறியபின் மீண்டும் ஓடும் வண்டியிற் கொயிலையும் சில்லருகுச் சுருளையும் சிறப்பாக ஐயுறுக. சூட்டினால் விரிந்த கம்பி உள்ளே பிரிகின்றதாகலாம். அத்தகைய பழுதைச் சூடாயிருக்கும்போதே அளத்தல் வேண்டும். ஆறிய கொயில் குற்றமற்றதென்றே சாட்சி கூறும்.

பொயின்ற் வண்டியாயின், தொடுமுனைகளைத் திறந்து பார்க்க. அவற்றின் இடைவெளி பொதுவாக 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர். முனைகளிலே பெரும் பொறி பறந்து அவை விரைவிற் கருகுமாயின், குற்றம் கொண்டென்சரின்பாலது.

சி.டி.ஐ. பெட்டியின் முறை எல்லாவற்றுக்கும் இறுதியிலேயே வரும். அது பிசினிட்டு மூடப்பெற்றது. திறந்து பார்த்தல் இயலாது. எளிய மீற்றரால் அதனைத் துணிதலும் அரிது. மற்றெல்லாம் நன்றென்று கண்டபின், அதே வகையான மற்றொரு பெட்டியை இரவல் பெற்று மாட்டிப் பார்த்தலே வழி. உள்ளே என்ன நிகழ்கின்றதென்று தோன்றாத பொருளின்மேல் முதலிற் பழிசுமத்துதல் மனித இயல்பு. அதனாலேயே குற்றமற்ற பெட்டிகள் பல மாற்றப்படுகின்றன.

நல்ல பொறியும் நனைந்த பிளக்கும் இருந்தும் எஞ்சின் பற்றாது, கிக்கர் காலைத் திருப்பி அடிக்குமாயின், வேளை பிழைத்தது என்க. சில்லைத் தண்டோடு பொருத்தும் சிறு சாவி வெட்டுண்டு சில்லு நகர்ந்திருத்தல் இதற்கொரு காரணமாகும். எரிபொருளைக் கணினி வழியே தெளிக்கும் புதிய வண்டிகளில், முகப்பிலுள்ள எச்சரிக்கை விளக்கின் குறிப்பை முதலிற் படித்தல் நன்று.

உப்பும் ஈரமும்

மேற்கூறியன எவ்வூருக்கும் பொது. கரையோர ஊருக்கோ ஒரு சிறப்பான பகைவன் உளன், அவன் உப்பு. கடற்காற்றிலே வரும் உப்பு, வெயிற் காலத்திலே பிளக்கின் வெண்களிமண் உடலிலும் தொப்பியிலும் கம்பியிலும் கண்ணுக்குப் புலப்படாத படலமாய்ப் படியும். உலர்ந்த உப்பு மின்னைக் கடத்தாது. கச்சான் காற்று வீசும் காலத்திலே தீங்கின்றிக் கிடக்கும் அப்படலம், வாடைக் காற்றோடு மாரி வந்ததும் ஈரத்தை ஈர்த்து மின்னைக் கடத்தத் தொடங்கும். இடைவெளியைத் தாண்டவேண்டிய மின், எளிய வழி கண்டு மேற்பரப்பிலேயே ஒழுகிப்போகும். மழைக்காலத்து விடியலில் வண்டி முரண்டுபிடித்து, வெயிலேறியபின் தானே திருந்துவதன் மர்மம் இதுவே. இருளிலே எஞ்சினை இயக்கிப் பார்த்தால், ஒழுகும் மின் தொப்பியைச் சுற்றி நீல ஒளியாய்த் தோன்றுவதும் உண்டு.

இதற்கு மருந்து விலை குறைந்தது. நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியாற் பிளக்கின் உடலையும் தொப்பியையும் கம்பியையும் துடைத்து, நன்கு உலர்த்துக. உப்பு நீரிற் கரையுமேயன்றிப் பெற்றோலிற் கரையாது. ஆதலாற் பெற்றோலிட்டுத் துடைப்பதாற் பயனில்லை. தொப்பியின் உள்வாயிலே சிறிதளவு சிலிக்கன் கிரீஸ் பூசின் ஈரம் புகாது. மீன் பெட்டி ஏற்றும் வண்டியாயின், பனிக்கட்டி உருகி வழியும் உப்புநீர் இருக்கையின்கீழ் உள்ள வயர்களின்மேல் விழாவண்ணம் பெட்டிக்கு ஒரு குழாய் வைத்து நீரைப் புறத்தே விடுக. வயர் இணைப்புக்களிற் பச்சைப் பூப்புக் காணின் அது செம்பை உப்பு அரித்ததன் அடையாளம். சுரண்டித் துலக்கி மீண்டும் பொருத்துக. எஞ்சினையும் சட்டத்தையும் இணைக்கும் வயரின் அடியிலே துருப்பிடித்தாலும் பொறி தளரும்.

ஓர் எடுத்துக்காட்டு

மாங்கேணியிலிருந்து மீன் ஏற்றிச்செல்லும் ஒருவரின் வண்டி, மார்கழி மழையில் நடுவழியே நின்றுவிட்டதாகக் கொள்வோம். அது மக்னீற்றோவால் இயங்கும் சி.டி.ஐ. வண்டி. பெற்றோல் உண்டு, சுவிற்ச் சரியாக உளது. பிளக்கைக் கழற்றினால் நனைந்திருக்கின்றது. ஆகவே எரிபொருள் வருகின்றது. பொறி பார்த்தால் இல்லை. கைவசமிருந்த மாற்றுப் பிளக்கிலும் இல்லை. ஆகவே பிளக் குற்றமற்றது. தொப்பியைக் கழற்றிக் கம்பியின் நுனியிற் பார்த்தாலும் இல்லை. ஆகவே தொப்பியும் குற்றமற்றது. நிறுத்தற் சுவிற்சின் வயர் இணைப்பைக் கழற்றி மிதித்ததும் நீலப்பொறி பாய்கின்றது. இந்த ஒரு விடையினால் கொயிலும், சில்லருகுச் சுருள்களும், சி.டி.ஐ. பெட்டியும் ஒருங்கே விடுதலை பெறுகின்றன. கைப்பிடி திரும்பும் கழுத்தருகே, உரசித் தோலிழந்த வயரின்மேல் மழைநீரும் உப்பும் சேர்ந்து வழியமைத்தமையே குற்றம். துடைத்து உலர்த்தி நாடா சுற்றினால் தீரும் பிணி இது. விசாரணையைப் பெட்டியிலிருந்து தொடங்கியிருப்பின், அன்றைய மீனும் கெட்டு, பெட்டியின் விலையும் போய், வண்டியும் ஓடாதிருந்திருக்கும்.

இவ்வொழுங்கிலே பெரிய வித்தை எதுவுமில்லை. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லுதல், ஒருவேளையில் ஒன்றையே மாற்றுதல், மாற்றியதன் பயனைக் கண்டு முடிவுசெய்தல், விலை குறைந்த ஐயத்தை முதலிலும் விலை கூடியதை இறுதியிலும் சோதித்தல் என்பனவே அதன் உறுப்புக்கள். ஆய்வுகூடத்திலே தூண்டற் சுருளைக் கொண்டு பொறி எழுப்பிய மாணவன், தெருவோரத்திலே நின்ற வண்டியிலும் அதே சுருள் உள்ளதென்பதை உணர்வானாயின், அவன் கற்ற பௌதிகம் ஒரு குடும்பத்தின் அன்றைய வருவாயைக் காக்கும். ஒரு பிளக் திறப்பான், ஒரு மாற்றுப் பிளக், துண்டுத் துணி, சிறிது நாடா ஆகிய இந்நான்கையும் இருக்கையின்கீழ் வைத்துக்கொள்ளுமாறு வண்டி வைத்திருக்கும் அன்பர் அனைவரையும் வேண்டுகின்றோம். மாரி தொடங்குமுன் ஒருநாள் அவற்றை எடுத்துப் பழகிக்கொள்ளுதல் அதனினும் நன்று.